என் கைச்சோற்றை நம்பாத வசந்தா அக்கா

அக்கா வேலை செய்த இடத்திலேயே மயங்கி விழுந்து இறந்துவிட்டார் என்று, அவரோடு வேலை பார்த்த உங்களில் ஒருவர்தான் ஃபோனில் சொன்னீர்கள். நான் அழவில்லை. "யார் சொன்னா? அவங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டேன். அது அக்காவின் கேள்வி. ஆஸ்பத்திரிக்கே பேசி உறுதி செய்துகொண்ட பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன். மாரடைப்பாம். வாழ்நாள் முழுக்க அவர் சந்தேகப்படாமல் விட்டது தன் இதயத்தை மட்டும்தான்.

தாம்பரம் தொலைபேசி நிலையத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு, ஹெட்செட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடும் வசந்தாவைத் தெரியும். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று சிலர் பேசிக்கொண்டது அவர் காதுக்கும் வந்தது. வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் தம்பியைக் கட்டிக்கொண்டு சேலையூர் வீட்டுக்கு வந்தேன். அந்த வருடமே அக்காவுக்கு ரத்தமும் சீதமுமாகப் போக ஆரம்பித்தது. தெருமுனை டாக்டர் அமீபா என்று மாத்திரை கொடுத்தார். நிற்கும், மறுபடி வரும். வீட்டுக்குப் புதிதாக வந்தவள் நான் ஒருத்திதான் என்பது அக்காவுக்கு உறைத்தது.

"நீ வந்தப்புறந்தான் இப்டி கீது. சோத்துல இன்னா போட்ட?"

மருந்து வைத்துவிட்டாள் என்ற பழி ஒரு முறை விழுந்தால் லேசில் போகாது. அடுத்த வீட்டுக்காரி நான் கொடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டு, வயிறு சரியில்லை என்றாள். என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. "அவ ஒடம்பு முடியாதவ, கண்டுக்காத" என்பார் என் கணவர். சொல்கிறவருக்கு என்ன?

மாடம்பாக்கம் பக்கம் மருந்து எடுக்கும் ஒரு அம்மாளிடம் போனோம். வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, உள்ளே இருக்கும் மருந்தை வெளியே துப்புவாள் என்றார்கள். அவள் குழலை எடுத்ததும் அக்கா, "மொதல்ல உன் வாயைத் தொற" என்றார். அந்த அம்மாள் மறுத்தாள். அக்கா விடவில்லை. கன்னத்துக்குள் கறுப்பாக ஒரு உருண்டை ஏற்கெனவே இருந்தது. அப்பாடா, என் பழி தீர்ந்தது என்று நினைத்தேன். திரும்பி வரும்போது அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவளை நீதான் செட் பண்ணியா?"

சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

எலும்பும் தோலுமாக ஆன பிறகுதான் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். குழாய் விட்டுப் பார்த்த பெரிய டாக்டர், குடலின் உள்சுவர் சிவந்து வீங்கிப் புண்ணாகியிருக்கிறது என்றார். அழற்சி என்பார்கள், அக்கா அதை வேக்காடு என்பார்.

"வெளியிலேருந்து யாரும் எதுவும் போடலம்மா. கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உங்க குடலையே எதிரின்னு நினைச்சு அடிக்குது."

"சும்மா கெடக்கறதைப் போயா?"

"ஆமாம்மா."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். மன்னிப்பு எதுவும் வரவில்லை.

அவர் கொடுத்த மாத்திரையால் ரத்தம் நின்றது, ஆனால் முகம் ஊதியது. உடனே டாக்டர் மேல் சந்தேகம். எங்களுக்குத் தெரியாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். சில வாரங்களில் பழையபடி படுக்கை. அதன்பின் நானும் லேசுப்பட்டவளாக இருக்கவில்லை. மாத்திரை விழுங்கியதும் எதிரில் நின்று, "வாயைத் தொறங்க அக்கா" என்பேன். முறைத்துக்கொண்டே திறப்பார். என் சோற்றையும் சாப்பிடத் தொடங்கினார். நம்பித்தான் சாப்பிட்டாரா, தம்பிக்காகவா என்று கவளத்துக்குக் கவளம் நான் சந்தேகப்பட்டேன். ஒரே வீட்டில் பல வருடம் அப்படி ஓடியது.

தொண்ணூறுகளின் நடுவில் பத்தாவது படித்த என் மகளுக்கு அதே ரத்தம், அதே சீதம். தெருமுனை டாக்டர் மறுபடியும் அமீபா என்றார். வீடே தலையாட்டியது. அக்கா மட்டும் எழுந்தார். "அமீபான்னு யார் சொன்னா? உள்ள போய்ப் பாத்தாரா?" லீவு போட்டு அவளையும் என்னையும் அதே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அழற்சிதான்; தொடக்கத்திலேயே பிடித்துவிட்டார்கள். சில குடும்பங்களில் இது இப்படி வரும் என்றார் டாக்டர்.

திரும்பும் மின்சார ரயிலில் மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். பல்லாவரம் தாண்டியதும் அக்கா, ஜன்னல் பக்கம் திரும்பியபடியே பேசினார்.

"மருந்து வெச்சது நீ இல்லடி. எங்க வூட்டு ஒடம்பு."



மகள் இன்று நன்றாக இருக்கிறாள். எதையும் சும்மா நம்பாத அந்தக் குணத்தால்தான் அவள் பிழைத்தாள். என் வாழ்க்கையில் பாதி கசந்ததும் அதே குணத்தால்தான். இரண்டையும் நான் மறக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டது ரயிலில் சொன்ன அந்தச் சொல்லை மட்டும்தான். ஊரில் யார் மேல் வேண்டுமானாலும் பழி போட்ட வசந்தா அக்கா, தன் வீட்டின் மேல் பழி போட்டது அந்த ஒரு முறைதான். அது எனக்காக.