ஊறுகாய் பாட்டிலில் மண்

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, ஒரு பாட்டிலைக் காக்கும் பொறுப்பு ஒரு நாள் முழுக்க என்னிடம் இருந்தது. அத்தனை உண்மையாக நான் பிறகு எந்த வேலையும் பார்த்ததில்லை.

நெய்யூர் பக்கம் அப்பா ஒரு வீட்டுமனை பார்த்திருந்தார். வாடகை வீட்டில் ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்டு அலுத்துப்போன அம்மா, அங்கே அடுக்களை ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுவரை முடிவு செய்துவிட்டாள். பழைய வயலாயிற்றே என்று அப்பாவுக்குத்தான் பயம். அதனால் சிவில் படித்த மாமா, அம்மாவின் தம்பி, அங்கே குழி தோண்டி எடுத்த மண்ணை ஊறுகாய் பாட்டிலில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கை வலிக்கக் குலுக்கி, ஜன்னலோரம் வைத்தார்.

“மணலு மொதல்ல அடியில இருக்கும். பொறவு பொடிமண்ணு. களி கடைசியில. நாளைக்கு ஸ்கேல் வச்சு அளந்தா எது எவ்வளவுன்னு தெரிஞ்சிரும். அதுவரைக்கும் நீதான் பொறுப்பு மக்கா, கேட்டியா?”

எனக்குப் பொறுப்பு மட்டும்தான் புரிந்தது.

அப்போது எனக்கு இருமல். அடியில் தங்கிய மருந்தைக் குலுக்கித்தான் குடிக்க வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். பாட்டிலைப் பார்த்தால், மாமா பாடுபட்டுக் கலக்கியதெல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. பதறிப்போய்க் குலுக்கினேன். சாப்பிடுமுன், படுக்குமுன், எழுந்ததும், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குலுக்கினேன். சாயங்காலம் மாமாவின் பைக் சத்தம் கேட்டதும் கடைசியாக ஒரு தடவை.

மாமா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் கொஞ்சம் மணல். மேலே பால் விட்ட சாயா போலத் தண்ணீர்.

“ஒரு நாளாச்சு, இன்னும் தெளியல்லியே! அம்புட்டும் களி, அத்தான். மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். வீடு கெட்டுனா சொவரு கீறிப்போவும்.”

வேறு இடம் பார்க்கலாம் என்றார் அப்பா. அம்மா அடுக்களைக்குள் போய் அழுதாள். எனக்கு ஒரே குழப்பம். ஒரு துளி மண்ணைக்கூடத் தங்கவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பாராட்ட ஆளில்லை.

வேறு இடம் அமையவே இல்லை. கல்லூரி ஆய்வகத்தில் மண் கலந்த குடுவையை யாரும் தொடக் கூடாது என்று ஆசிரியர் சொன்ன அன்றுதான் நான் பார்த்த காவல் என்னவென்று எனக்குப் புரிந்தது. அந்த மனையில் இப்போது யாருடையதோ மாடி வீடு. பஸ்ஸில் போகும்போதெல்லாம் சுவரில் விரிசல் தேடுகிறேன். ஓடும் பஸ்ஸில் ஒன்றும் தெரிவதில்லை. அது உண்மையிலேயே களிமண்ணாகவும் இருந்திருக்கலாம்.

அம்மா அழுத அன்று, அவளைத் தேற்ற நான் பாட்டிலோடு அடுக்களைக்குப் போனேன்.

“அழாதம்மா. நான் இன்னும் நல்லா குலுக்கித் தாறேன்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைச் சேர்த்துப் பிடித்தாள். நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.