மாதனூர் பாலத்தடியில் நூற்றி முப்பது

2008 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூரிலிருந்து ஆம்பூருக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல, சண்டை போட.

என் அண்ணன் சார்லஸ் அங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேன் ஓட்டுகிறார். தினமும் வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி வருவார். வேனில் பொருத்திய ஜிபிஎஸ் கருவி, மாதனூர் பாலத்தடியில் அவர் நூற்றி முப்பதில் போனதாகப் பதிவு செய்துவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்றார்கள்.

"நாப்பதுலதான் போனேன். இன்னா ஆனாலும் கையெழுத்து போட மாட்டேன்," என்றார் அண்ணன். நான் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். மலையேறும் தோழியிடம் கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன்.

காலை 6.40 பஸ். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர், டிக்கெட் பதினெட்டு ரூபாய். 8.05க்கு ஆம்பூர். (ஜன்னல் சீட் பிடியுங்கள், கருவிக்கு வானம் தெரிய வேண்டும்.)

"மெஷின் பொய் சொல்லுமா மேடம்?" என்றார் கம்பெனியின் போக்குவரத்து அதிகாரி.

"சொல்லும் சார். வண்டியில ஏறுங்க, காட்டுறேன்."

அவர்களுடைய கருவி ஐந்து விநாடிக்கு ஒருமுறை இருக்கும் இடத்தைக் குறிக்கும். இரண்டு இடங்களுக்கு நடுவிலுள்ள தூரத்தை ஐந்தால் வகுத்து வேகம் சொல்லும். நாற்பதில் போனால் அந்நேரத்தில் சுமார் ஐம்பத்தைந்து மீட்டர் நகர்வோம். பாலத்தடியில் சிக்னல் குழம்பி, புள்ளி நூற்றி இருபத்தைந்து மீட்டர் தள்ளி விழுந்தால் தூரம் நூற்றி எண்பது மீட்டராகிவிடும்; ஐந்தால் வகுத்து மணிக்கணக்காக்கினால் நூற்றி முப்பது கிலோமீட்டர். அதுதான் அந்த நூற்றி முப்பது. என் கைக்கருவி புள்ளிகளை நம்புவதில்லை. நாம் நகரும்போது செயற்கைக்கோள் அலையின் அதிர்வெண்ணில் வரும் சிறு மாற்றத்திலிருந்து வேகத்தை எடுக்கிறது. திறந்த வெளியில், சீரான ஓட்டத்தில், மணிக்கு ஒரு கிலோமீட்டர்கூடப் பிசகாது.

அண்ணன் வேனை ஓட்ட, முதல் முறை பாலத்தடியில் போனோம். அவர்கள் பதிவு 43. இரண்டாவது முறை 38. அதிகாரி சிரித்தார்.

"இன்னும் ஒரு வாட்டி," என்றார் அண்ணன்.

இம்முறை பக்கத்தில் இரண்டு கண்டெய்னர் லாரிகள் நின்றிருந்தன; அவற்றின் இரும்புப் பெட்டிகளில் சிக்னல் பட்டுச் சிதறும். வேனின் வேகமானி முள் 43. என் கருவி பாலத்தடியில் வேகம் காட்டாமல் வெறும் கோடு காட்டியது; வெளியே வந்ததும் 40. அதிகாரியின் மடிக்கணினியில் 117.

அவர் சிரிக்கவில்லை. "சரி சார்லஸ், நாளைக்கு வந்து வண்டி எடு."

"எடுக்கறேன் சார். என் மேல தப்பில்லன்னு எழுதிக் குடுங்க."

"எதுக்கு பேஜாரு? அதான் சொல்லிட்டேன்ல?"

"என்னை எழுதச் சொன்னீங்கல்ல? இப்ப நீங்க எழுதுங்க."

கம்பெனி வாசலிலேயே நின்றோம். 11.20க்குக் காகிதம் வந்தது, முத்திரையோடு.

வண்டி ஓட்டுகிறவர்களுக்கு: பிரேக் போடும்போதும் திரும்பும்போதும் எந்தக் கருவியும் கொஞ்சம் பிந்தும். வேன் முள் எப்போதும் சற்றுக் கூட்டியே காட்டும். ஒற்றை எண்ணை நீட்டினால் அதற்கு முந்தைய புள்ளியையும் பிந்தைய புள்ளியையும், நேரத்தோடு கேளுங்கள். தர மறுத்தால் பேனாவைத் தொடாதீர்கள்.