நாலாவது குழாய்

நாலு பேர் கூடி பீர் குடிக்கும் இடத்தில் எந்த ஆலையின் பீர் உசத்தி என்ற பேச்சு எழாமல் இருக்காது. பேச்சு முற்றினால், குழாய்க்காரரைக் கேட்டுவிடலாம் என்பார்கள். அவர் சொல்லிவிட்டால் அப்புறம் மேல்முறையீடே கிடையாது.

குழாய்க்காரர் என்றதும் தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். பீர்க்கடைகளில் பீப்பாயிலிருந்து கவுண்டர் வரைக்கும் மெல்லிய குழாய் ஒன்று ஓடுகிறது அல்லவா, அதைக் கழுவுவதுதான் அவர் தொழில். மொத்தம் பன்னிரண்டு கடைகள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை கேனும் கைப்பம்புமாக வந்து நிற்பார். குழாயில் தங்கியிருக்கும் பீரை வாளியில் பிடித்துக் கொட்டுவார். மருந்தைச் செலுத்தி இருபது நிமிடம் ஊறவிடுவார். தண்ணீர் விட்டு அலசி, கடைசியில் புது பீரை ஒரே ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். பிறகு தேதி எழுதிய அட்டையைக் குழாயின் கழுத்தில் கட்டிவிட்டுக் கிளம்புவார். இருபத்திரண்டு வருஷம் இப்படி ஒவ்வொரு வாயாகக் குடித்தே சுற்றுவட்டார ஆலைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஆற்றோர ஆலையின் கறுப்பு பீர் என்றால் அவருக்கு உயிர். வறுத்த காப்பிக்கொட்டை வாசம், தொண்டையில் இறங்கிய பிறகும் போக மனசில்லாமல் நிற்கும். ரயில் கொட்டகை ஆலைக்காரர்கள் வெளிர் பீரில், கசப்புக்காகப் போடும் ஹாப்ஸ் பூவை அள்ளிக் கொட்டுகிறவர்கள். முதல் வாயில் முகம் கோணும், மூன்றாவது வாயில் கை தானாகக் கிளாஸைத் தேடும். பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடக்கும் ஆலையின் கோதுமை பீர் கலங்கலாக இருக்கும், வாழைப்பழ வாசம் அடிக்கும். வெயில் நேரத்தில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. நாலாவது ஆலை ஒரு கார் ஷெட்டுக்குள் நடக்கிறது. நடத்துகிறவன் அவருடைய மச்சினன், மனைவியின் கடைசித் தம்பி. அவன் காய்ச்சுவது சுட்ட ரொட்டியின் ஓரம் மாதிரி மணக்கும் பழுப்பு பீர். நல்ல பீர்தான், குடித்துப் பார்த்தவர்கள்தான் குறைவு.

அந்தப் பீருக்கு இடம் கொடுத்தது ஒரே ஒரு மூலைக்கடை. அங்கே இருப்பதே நாலு குழாய், இந்த நாலு ஆலைக்கும் ஆளுக்கு ஒன்று. முதலாளியம்மா அதில் ஒன்றை எடுத்துவிட்டுக் காப்பி மெஷின் வைக்கப்போவதாகச் சொன்னதும் வாடிக்கைக்காரர்கள் இரண்டு நாள் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டார்கள். கடைசியில், ஞாயிறு மதியம் குழாய்க்காரர் கண்ணைக் கட்டிக்கொண்டு குடிக்கட்டும், அவர் கழித்துக் கட்டுவதை எடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. மச்சினன் பீரும் அதில் இருக்கிறதே என்று ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. அந்த நாக்கு அப்படிப் பேர் எடுத்திருந்தது. மச்சினனுக்குத்தான் தூக்கம் போயிற்று. இந்தக் குழாய் போனால் ஆலையை மூடிவிட்டு, பழையபடி பிளாஸ்டிக் கம்பெனி ஷிஃப்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஞாயிறு காலை மனைவி இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினாள்.

"உங்களைப் பொய் சொல்லச் சொல்லலை. ஆனா அவன் என் தம்பி, அது ஞாபகம் இருக்கட்டும்."

கடையில் கால் வைக்க இடமில்லை. முதலாளியம்மா துண்டால் கண்ணைக் கட்டிவிட்டு முதல் கிளாஸைக் கையில் கொடுத்தார். குழாய்க்காரர் ஒரு வாய் குடித்தார், அப்படியே வாளியில் துப்பினார்.

"சுத்தமா வினிகர். இதைத் தூக்கிடுங்க, மத்ததைக் குடிச்சுப் பார்க்கவே வேணாம்."

கடையே கொல்லென்று சிரித்தது. இருந்தாலும் மற்றவையும் வந்தன. இரண்டாவதில் வாழைப்பழ வாசம், கோதுமை. மூன்றாவதில் முகம் கோணிற்று, ரயில் கொட்டகை. மிச்சம் ஒன்றுதான். அது பழுப்பாக இருக்க வேண்டுமே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே வாங்கினார். உதட்டில் படுவதற்கு முன்பே காப்பிக்கொட்டை மணத்தது. அப்படியானால், துப்பியது மச்சினன் பீரை.

வியாழக்கிழமைதான் கார் ஷெட்டில் குடித்திருந்தார். தங்கமாக இருந்த பீர் மூன்று நாளில் வினிகர் ஆகுமா? துண்டை அவிழ்த்தார். கண் நேரே மச்சினன் பீர் வரும் நாலாவது குழாயின் அட்டைக்குப் போயிற்று. ஏழு வாரத்துக்கு முந்தின தேதி, அவருடைய கையெழுத்து.

குழாயைக் கழுவினால் உள்ளே நிற்கும் நாலு கிளாஸ் பீர் சாக்கடைக்குத்தான் போகும். மச்சினன் பீப்பாயைத் தோளில் சுமந்து கொண்டுவந்து போடுவதைப் பார்த்தவர் அவர். பாவம், அவன் பீரை ஏன் வீணாக்க வேண்டும், அடுத்த தடவை கழுவிக்கொள்ளலாம் என்று மூன்று தடவை விட்டுவிட்டார். மெதுவாக விற்கும் குழாய்தான் முதலில் கெடும் என்பது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. பாசம் அதை மறக்கடித்துவிட்டது. ஒரு கிளாஸ் வாங்கியவர்கள் இரண்டாவது கிளாஸ் கேட்காததன் காரணம் இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

அட்டையை வேறு யாரும் பார்க்கவில்லை. கூட்டத்தில் அவர் கழுவும் கடைகளின் முதலாளிகள் இரண்டு பேர் இருந்தார்கள். பேசாமல் இருந்தால் இருபத்திரண்டு வருஷப் பேர் பத்திரமாக இருக்கும். ஆனால் மச்சினன், சுவரோரம் கிடந்த தன் பழைய காலிப் பீப்பாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்துகொண்டிருந்தான்.

"அதைக் கீழ வைப்பா," என்றார் குழாய்க்காரர். "பீர்ல தப்பில்லை. அந்தக் குழாயைக் கழுவி ஏழு வாரம் ஆச்சு. கழுவாம விட்டது நான்தான்."

அட்டையை அறுத்து முதலாளியம்மா கையில் கொடுத்தார். ஏன் கழுவவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். வெட்கமாகத்தான் இருந்தது. பிறகு வண்டியிலிருந்து கேனை எடுத்து வந்து, அத்தனை பேர் பார்க்க அந்தக் குழாயைக் கழுவினார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

இந்தத் தடவை எல்லோருமே குடித்துப் பார்த்துக் கை தூக்கினார்கள். பழுப்பு மூன்றாவதாக வந்தது, கோதுமை வெளியே போயிற்று. குழாய்க்காரரின் கணக்கும் அதேதான். வீட்டில் மனைவி, தம்பியை மூன்றாவதாகப் போட்டதற்காக இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அந்த இரண்டு முதலாளிகள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு கடை பத்தாயிற்று.

பதினைந்தாம் நாள் மூலைக்கடைக்குப் போனால், மச்சினன் கையில் வாளியோடு நிற்கிறான். அவர் வழக்கம்போல் முதல் குழாய்க்குப் போனார். அவன் நாலாவதைத் தானே திறந்துவிட்டான். பழுப்பு பீர் நுரைத்துக்கொண்டு வாளியில் விழுந்தது. நாலு கிளாஸ் இருக்கும்.

"முதல்ல என்னுதைக் கழுவுங்க அத்தான்," என்றான். "இனிமே என் மேல பாவம் பார்க்காதீங்க."

வாளியைத் தூக்கிக்கொண்டு போய் அவனே சாக்கடையில் கவிழ்த்தான்.