காலிக் கட்டத்தில் உட்கார்ந்திருந்த பூஜ்யம்

ஐம்பத்திரண்டு வயதில், ஒன்றுமில்லாததற்கும் பூஜ்யத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு பெண்ணின் கச்சேரியைக் கெடுத்தவன் நான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. மயிலாப்பூரில் மற்றவர்கள் இதைவிட ருசியாகச் சொல்கிறார்கள்.

எங்கள் பேட்டை சபா ஒன்று இளம் பாடகர்களுக்குப் போட்டி வைத்தது. நாற்பது பேர், மூன்று நடுவர்கள். முதலிடத்துக்கு மார்கழியில் அரை மணி நேர மதியக் கச்சேரி. மதிப்பெண் சராசரியை ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியில் போட்டுத் தருகிறேன் என்று நானாகப் போய்ச் சொன்னேன். இணையத்தில் ஆறு வாரம் படித்த திமிர்.

முதல் படியிலேயே மாட்டிக்கொண்டேன். மதிப்பெண்கள் வந்து உட்கார நாற்பது வரிசை, மூன்று பத்தி கொண்ட காலி மேட்ரிக்ஸ், அதாவது கட்டம் போட்ட அட்டவணை ஒன்றை முன்கூட்டியே செய்துவைக்க வேண்டும். முப்பது வருட நண்பனைக் கேட்டேன். கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன், சபா கமிட்டியிலும் இருப்பவன். எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம் போட்டு உருவாக்கும் ஒரு வரியை வாட்ஸப்பில் அனுப்பினான். இதுதான் காலி, மேலேயே எழுதிண்டு போடா என்றான்.

அந்த சபாவில் ஒரு வழக்கம். தன் சிஷ்யை பாட வந்தால் நடுவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும், மதிப்பெண் போடக்கூடாது. அப்படிப் போனவரின் கட்டத்தில் நானும் எதுவும் எழுதவில்லை. பூஜ்யம் அங்கேயே இருந்தது. இரண்டு நடுவர்கள் தொண்ணூறுக்கு மேல் போட்ட பதினாலு வயதுப் பெண்ணுக்குச் சராசரி அறுபத்திரண்டு. முப்பத்தைந்தாவது இடம். ஞாயிறு காலை வேறொருவரை முதலிடம் என்று மேடையேற்றிக் கைதட்டினோம்.

மாலையில், அப்படி வெளியே போன நடுவரான அவளுடைய குரு மதிப்பெண் தாள்களோடு வந்தார். கமிட்டி கூடியது. காலி என்பதற்கு அந்த மொழியில் என்.ஏ. என்று தனி அடையாளம் இருக்கிறதாம். அதைப் போட்டிருந்தால், சராசரி எடுக்கும்போது அந்தக் கட்டத்தை ஒதுக்கச் சொல்லியிருக்கலாமாம். இதைப் பொறுமையாக விளக்கியவன் என் நண்பன்தான். விளக்கி முடித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன். சார் கேட்டாத்தானே?" என்றான்.

முப்பது வருஷத்தில் அவன் என்னை சார் என்றது அன்றுதான்.

ஃபோனை எடுத்தேன். அவன் அனுப்பிய வரி இருந்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்று இருந்தது. நிமிர்ந்தேன். அவன் போண்டாவைப் பிட்டு உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவன் கல்யாணத்திலிருந்து அவன் பெண் கல்யாணம் வரை பந்தி விசாரித்தவன் நான். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அறிவித்ததை மாற்றினால் சபாவுக்கு அசிங்கம் என்றார் தலைவர். அரை மணியைப் பிரித்து, ஆளுக்குக் கால் மணி என்று முடிவானது.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். மேட்ரிக்ஸ், பூஜ்யம், என்.ஏ. என்று நண்பனைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மொபைலில் ஓடிக்கொண்டிருந்த தம்புராவை நிறுத்திவிட்டு மரியாதையாகக் கேட்டாள்.

"மார்க் போட்டது ரெண்டு பேர்தானே மாமா? கூட்டி ரெண்டால வகுத்திருக்கலாமே."