பார்க்காத குழந்தைகள்

நெற்றியில் ஏற்றி வைத்திருக்கும் பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு டாக்டரம்மா குனிந்தாலே பிள்ளைகள் அலறும். அவர் சிரித்தபடியே கட்டைவிரலால் மேலிமையை மடக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். அழுகை முடிவதற்குள் வேலை முடிந்திருக்கும். அவர் சொல்வதைப் படிவத்தில் எழுதுவது என் வேலை. எனக்கு அப்போது நாற்பது வயது. அவருக்கு முப்பதுகூட ஆகவில்லை. சின்னப் பெண்ணுக்குக் கீழே வேலையா என்ற குமுறல் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை பக்கம் ஓர் ஏழைத் தெருவில் ட்ரக்கோமா என்னும் கண் தொற்று எவ்வளவு இருக்கிறது என்று அளக்கப் போயிருந்தோம். குழந்தைகளிடம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஒட்டும். திரும்பத் திரும்ப வந்தால் பின்னாளில் இமை சுருங்கி, முடி உள்ளே திரும்பிக் கருவிழியைக் கீறிப் பார்வையையே பறித்துவிடும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் நோய் இருந்தால்தான் தெரு முழுக்கக் களிம்பு கிடைக்கும். அன்று பாதி வீடுகளில் குழந்தைகளையே காணோம். கேட்டால், "ஊருக்குப் போயிருக்குதுங்க" என்றார்கள். நானும் வெயில் தாங்காமல் 'நோய் இல்லை' என்று வரிசையாக எழுதித் தள்ளினேன்.

டாக்டரம்மா படிவத்தை வாங்கிப் பார்த்தார். "பாக்கவே இல்லியே, எப்படிங்க இல்லைனு போட்டீங்க?" என்று கேட்டு, ஒவ்வொன்றையும் அடித்துப் 'பார்க்கவில்லை' என்று மாற்றினார். எனக்கு முகம் சுட்டது.

மோர் விற்கும் ஓர் அம்மாவின் வீட்டில், கதவுக்குப் பின்னால் ஒரு குழந்தை இருமியது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "நாளன்னிக்குப் பௌர்ணமிங்க, மலை சுத்த கூட்டம் வரும். இந்தத் தெருவுல கண்ணு நோவுன்னு தெரிஞ்சா எங்க கையால யாரு மோர் வாங்கிக் குடிப்பாங்க?"

டாக்டரம்மா திட்டவில்லை. "பௌர்ணமி முடியட்டும், வர்றோம். அதுவரைக்கும் பாப்பா மூஞ்சியத் தனித் துணியால தொடைங்க" என்றார். மறுபடி ஜீப் கிடைக்காது, அறிக்கை தாமதமாகும், இவர்களை நம்பி எப்படிக் காத்திருப்பது என்று நான் வாதாடினேன். "தப்பான கணக்கு சீக்கிரம் போய் என்ன ஆவப் போவுது?" என்றார்.

ஜீப் கிடைக்கத்தான் இல்லை. பௌர்ணமி கழிந்து பஸ்ஸில் போய் இறங்கி நடந்தோம். மோர்க்காரம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருமுனையிலேயே நின்றிருந்தாள். முதலில் தன் இமையைத்தான் காட்டினாள். "எனக்கு முடி உள்ள குத்துதுங்க. ஜாஸ்தியானா நானே புடுங்கிப் போட்டுக்குவேன். இவளுக்கு இது வேணாம்." பிறகு தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "புள்ளைங்கள இட்டுனு வாங்கடி, எல்லாரும்!"

கதவுகள் திறந்தன. அன்றைய எண்ணிக்கை தேவையான அளவைத் தாண்டிப் போயிற்று. களிம்பு வந்தது. மோர்க்காரம்மாவுக்கு டவுனில் இமை அறுவைச் சிகிச்சையும் நடந்தது. அடுத்த வருடம் மறுபடி அளந்தபோது ஒரு வீடு விடாமல் பார்த்தோம். நோய் அங்குமிங்குமாகத்தான் மிஞ்சியிருந்தது. அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கீழே வேலை பார்த்ததைப் பிற்பாடு நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பல வருடம் கழித்து, நான் வேலையிலிருந்து ஓய்வுபெறும் சமயம், ஒரு பௌர்ணமி மாலையில் கிரிவலப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்குப் பயந்து தள்ளிப்போட்டு வந்தேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓர் இளம்பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். யாரென்று தெரியவில்லை என்றேன்.

"மோர்க்காரம்மா பொண்ணுங்க. அதோ, அந்தக் கடைசிக் கடையில இருந்தே உங்களைப் பாத்துட்டேன்" என்று கைநீட்டிக் காட்டினாள். அவள் காட்டிய பக்கம் எவ்வளவோ உற்றுப் பார்த்தேன். எனக்குக் கடையே தெரியவில்லை.