டிவிக்குப் போட்ட பனியன்

அந்த டிவி மெக்கானிக்குக்குக் கோபம் வந்தால் கழுத்து நரம்பு புடைக்கும். எவ்வளவு கத்தினாலும் மரியாதையை மட்டும் விடமாட்டார்.

மங்கலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில் ஒரு பழைய டியூப் டிவி. கொஞ்ச நேரம் ஓடியதும் படம் சுருங்கி அணைந்துவிடும். அந்த டிவிக்கு என் மனைவி பனியன் துணியில் இறுக்கமாக உறை தைத்துப் போட்டிருந்தாள். மெக்கானிக் வந்ததும் அதை உருவி எறிந்தார்.

"காத்துப் போற ஓட்டையெல்லாம் அடைச்சு வெச்சா வெந்து போகாதுங்களா? அறிவு வேண்டாங்களா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பக்கத்துத் தறிக்கூடத்துப் பஞ்சு உள்ள போகுதுங்க. அதுக்குத்தான் உறை!"

பின்மூடியைக் கழற்றினார். உறையையும் மீறி உள்ளே மெத்தை மாதிரி பஞ்சு. அதைக் கை நிறைய அள்ளி, "இதுக்கு மூச்சு முட்டாதுங்களா?" என்று கத்தினார்.

"எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது," என்றாள் மனைவி, இருமிக்கொண்டே.

அவளை நிமிர்ந்து பார்த்தார். டிவியை அப்படியே போட்டுவிட்டு, பஞ்சோடு வெளியே போனார். பின்னாலேயே ஓடினேன். தறிக்கூடத்து வாசலில் முதலாளியிடம் பஞ்சை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

அங்கேயும் மரியாதையாகத்தான் திட்டினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.