பதிவு முடிஞ்சுதா?

அன்று காலையிலிருந்தே ஸுல்பிகாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. உதவி வைத்தியருக்குப் படித்து, பயிற்சியும் முடித்து, மருத்துவச் சபையில் பதிவும் கிடைத்துவிட்டது. இனி அவளே மருந்து எழுதலாம். எழுதுவதற்கு ஒரு நோயாளிதான் இல்லை.

தொண்ணூறில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு கற்பிட்டியில் கரையேறிய குடும்பம் அவர்களுடையது. அகதி முகாமில் பிறந்தவள் முகாமின் பூனைகளுக்கெல்லாம் ஈர்க்குச்சியால் ஊசி போட்டே வளர்ந்தாள். பயிற்சிக் காலத்தில் சொந்தக்காரர் மருந்து கேட்கும்போதெல்லாம், "எனக்கு இன்னம் எழுத ஏலா" என்று சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனது.

அப்போதுதான் அடுத்த வீட்டுக் கைருன்னிஸா மாமி காதைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"காதுக்குள்ள வண்டு குடையுற மாதிரி இரிக்கி மகள்!"

ஸுல்பிகா சந்தோசத்தை மறைக்கப் பெரும்பாடு பட்டாள். காதைப் பார்த்தாள், காய்ச்சல் பார்த்தாள், எந்த மருந்தாவது ஒத்துவராதா என்று கேட்டாள். மருந்துத் துண்டு எழுதி, மாமியையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மதுரங்குளிச் சந்திப் பாமசிக்குத் தானே பறந்தாள்.

அங்கே மருந்து கொடுப்பவன் நௌஃபர். துண்டை மேலும் கீழும் பார்த்தான்.

"மிஸ், நீங்க டொக்டரா?"

"உதவி டொக்டர்."

"இது அன்டிபயோட்டிக். உதவி டொக்டர்மார்ட துண்டுக்குக் குடுக்கலாமோ தெரியாதே."

"குடுக்கலாம்! சட்டத்துல இரிக்கி!"

"அப்ப, பதிவு முடிஞ்சுதா?"

காதில் பஞ்சோடு கதிரையில் இருந்த மாமிக்கு அதுமட்டும் துல்லியமாகக் கேட்டது. மாமிக்குத் தெரிந்த பதிவு கலியாணப் பதிவுதான்.

"இன்னம் இல்ல மகன்! பொடிச்சிக்கு ஒரு இடமும் பேசல்ல!"

கடையில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நௌஃபரின் முகம் செம்பரத்தையாகிவிட்டது. அவசரமாகக் கொழும்பிலுள்ள மருத்துவச் சபைக்குத் தொலைபேசி எடுத்துச் சிங்களத்தில் விசாரித்தான். வைத்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"பதிவு இரிந்தா எழுதலாமாம். தன்ட நோயாளிக்குத் தன்ட கையால மருந்து குடுக்கவும் ஏலுமாம். கடை போட்டு விக்கத்தான் ஏலாதாம்."

"அப்ப உங்கட கடை தப்பிச்சுது" என்றாள் ஸுல்பிகா, பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டியபடி.

மாமியின் காது சுகமானது. ஸுல்பிகாவின் நோயாளிகள் எல்லாரும் அந்தப் பாமசிக்கே போனார்கள். எழுத்து விளங்கவில்லை என்று நௌஃபர் ஒருநாள் தொலைபேசி எடுத்தான். அதுவரை முத்துமுத்தாக எழுதியவள் மறுநாளிலிருந்து கோழி கிளறியதுபோல் எழுதத் தொடங்கினாள். அவனும் ஒவ்வொரு துண்டுக்கும் தொலைபேசி எடுத்தான். இரண்டு வீட்டாருக்கும் விசயம் விளங்க அதிக காலம் போகவில்லை.

கலியாணத்தன்று நௌஃபரின் மாமா ஒருவர் புரியாணியை மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, கடைசி இனிப்பான வட்டிலப்பம் வருமுன்னே நெஞ்சு எரிகிறதென்று சாய்ந்துவிட்டார். மணப்பெண் சரிகைச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். நாடி பிடித்தாள், நெஞ்சில் காது வைத்துக் கேட்டாள், கேள்விமேல் கேள்வி கேட்டாள்.

"இதயம் நல்லா இரிக்கி. வயிறுதான் அழுவுது" என்று சொல்லி, கை துடைக்கும் தாளில் மருந்து எழுதி நீட்டினாள்.

தலைப்பாகையோடு ஓடிப்போய்க் கடை திறந்து, மாப்பிள்ளை மருந்து கொண்டுவந்தான். மாமா குடித்தார். கொஞ்ச நேரத்தில் மண்டபமே அதிர ஓர் ஏப்பம் விட்டு நிமிர்ந்தார்.

"வட்டிலப்பம் முடிஞ்சு போச்சா?" என்று கேட்டார்.